கீழ்வீட்டு அன்ரியின் கணவர்

பிள்ளைகளே என்று இனி நம்மை யாரும் கூப்பிடப் போவதில்லை. எல்லாரும் ஐம்பதைத் தொட்டுவிட்டோம். டோர்ட்மண்டின் வடக்குப் பக்கம், ரயில் பாதைக்கு அப்பால், ஒரே தெருவில் ஓடித் திரிந்த நாம் இப்போது ஸ்டுட்கார்ட், பாரிஸ், லண்டன், ரொறொன்ரோ என்று சிதறிக் கிடக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொள்வதெல்லாம் முழங்கால் நோவும் சீனி வருத்தமும் பேரப்பிள்ளைகளின் படங்களும்தான். இன்றைக்கு நான் எழுதுவது வேறு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களை விட்டால் அந்தத் தெருவைத் தெரிந்த ஆட்கள் எனக்கு இல்லை.

அந்தத் தெருவின் மணம் உங்களுக்கு நினைவிருக்கும். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் பியர் ஆலையில் பார்லி அவியும் மணம். கஞ்சி அடிப்பிடித்தது போல இருக்கும். மற்றப் பக்கமிருந்து அடித்தால் கரிப்புகை. வெளியே காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். நிலவறையிலிருந்து கரி வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும்போது கைப்பிடிக் கம்பி உள்ளங்கையை வெட்டும். அந்த வாளி இப்போது என் மகனின் வயதுப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகப் பொருள். ஒன்றை நான் பழைய பொருட் சந்தையில் தேடிப் பார்த்தேன், பூச்சாடியாக வைத்து விற்கிறார்கள்.

நாம் அந்தக் காலத்தில் பெரியவர்களின் வாயாக இருந்தோம். இதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுக்கு ஜெர்மன் வராது, நமக்குப் பள்ளிக்கூடம் போய் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. வைத்தியரிடம், வழக்கறிஞரிடம், வெளிநாட்டார் அலுவலகத்தில் என்று எங்கே டெர்மின், சந்திப்பு நேரம், இருந்தாலும் நம்மில் ஒருவர் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நடுவில் நிற்க வேண்டும். என் தாய்க்கு மாதவிலக்குப் பிரச்சினை என்று நான்காம் வகுப்பில் ஒரு வைத்தியரிடம் எடுத்துச் சொன்னவள் நான். எது சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. நானும் அதில் ஒரு பெருமை வைத்திருந்தேன்.

கீழ்வீட்டு ஜெர்மன் அன்ரியோடு எங்களுக்குப் பழக்கம் வந்தது தண்ணீரால். வாரம் ஒரு வீடு படிக்கட்டைக் கழுவ வேண்டும், இந்த வாரம் உங்கள் முறை என்ற அட்டையைக் கதவுப் பிடியில் தொங்கவிடுவார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஊரில் முற்றம் கழுவுகிற மாதிரி மேலிருந்து வாளி வாளியாக ஊற்றினார். மரப்படி. தண்ணீர் மூன்று மாடியும் இறங்கிக் கீழ்வீட்டுக் கதவிடுக்கால் உள்ளே போய், அங்கே விரித்திருந்த கம்பளத்தை நனைத்துவிட்டது. அன்ரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். உயரமான மனுஷி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தலைமயிரை ஆண்பிள்ளை போல வெட்டியிருப்பார். அம்மா தும்புத்தடியோடு அப்படியே விறைத்துப் போனார். அன்ரி அம்மாவின் கையில் இருந்த துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு படியைத் துடைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் அம்மா ஒரு தட்டு உளுந்துவடையோடு என்னைக் கீழே அனுப்பினார். அந்தத் தட்டு பிளம்ஸ் கேக்கோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தட்டும் வெறுமையாகக் கீழே போனதுமில்லை, மேலே வந்ததுமில்லை.

அன்ரியின் முன்னறையில், வானொலிப் பெட்டிக்கு மேலே, ஒரு படம் இருந்தது. சீருடை போட்ட இளைஞன். காது கொஞ்சம் பெரிது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் எப்போதும் ஏதாவது பூ இருக்கும், குளிர்காலத்தில் பைன் கொப்பாவது இருக்கும்.

அப்பா ஒருநாள் ஏணி இரவல் வாங்கப் போனபோது அந்தப் படத்தைக் கண்டுவிட்டார். மேலே வந்து அம்மாவிடம் மெல்லிய குரலில், "கீழ்வீட்டு மனுசியின்ரை புருசன் போரிலை செத்தவர். வீரன்ரை வீடு அது. இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்திருக்கிறம்" என்றார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. நம் ஆட்களின் வீட்டில் சீருடைப் படமும் அதற்கு முன்னால் பூவும் இருந்தால் அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான். இதைப் போய் யாராவது விசாரிப்பார்களா? அப்பா விசாரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி வழக்கு முடியும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பது சட்டம். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஊரில் செத்தவர்களுக்கு அஞ்சலி செய்ய நவம்பரில் ஒரு நிகழ்ச்சி வைப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. தேவாலயக்காரர் மண்டபம் தருவதாகச் சொன்னார்கள். நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகவும் ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான், நம் பெரியவர்கள் தலைகால் தெரியாமல் ஓடத் தொடங்கினார்கள். பாதிப் பேருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. நாங்கள் வெறும் பொருளாதாரத்துக்காக வந்தவர்கள் இல்லை, எங்களுக்கும் ஒரு போர் இருக்கிறது என்று இந்த நாட்டுக்காரர் ஒருவராவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. குத்துவிளக்கின் முதல் திரியை ஒரு ஜெர்மன் வீரனின் மனைவி ஏற்ற வேண்டும். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். அவருடைய கணவரின் பெயரை மண்டபத்தில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் ஆகா என்றார்களாம். தலைவர் எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தாராம்.

அப்பாவும் நானும் அழைக்கப் போனோம். அப்பா விசேஷ நாட்களுக்கென்று வைத்திருந்த கோட்டு மேல்சட்டையைப் போட்டிருந்தார். அவர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்: நீங்கள் போர்வீரரின் மனைவி, எங்கள் விளக்கை நீங்கள் ஏற்ற வேண்டும், உங்கள் கணவருக்கு நாங்கள் மரியாதை செய்ய விரும்புகிறோம். அன்ரி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அவருடைய பெயரைச் சொல்வீர்களா? எல்லார் முன்னாலும், சத்தமாக?" என்று கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லு. மைக்கிலை சொல்லுவம் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அன்ரி. கதவை மூடும்போது அவருடைய கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அப்பா அதை மகிழ்ச்சி என்று நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து, அப்பா வெளியே போன நேரம் பார்த்து, அன்ரி அம்மாவையும் என்னையும் கீழே கூப்பிட்டார். சமையலறை மேசையில் பூப்போட்ட எண்ணெய்த்துணி. கோப்பி வடிந்துகொண்டிருந்தது. எனக்குச் சூடான பால் தந்தார். பிறகு எனக்கு எதிரே இருந்துகொண்டு, சின்னச் சின்ன வசனமாக, நான் மொழிபெயர்க்க நேரம் விட்டு விட்டுச் சொன்னார்.

அவருடைய கணவர் போரில் சாகவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் விடுப்பில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இனி என்னால் ஏலாது என்றாராம். நகரத்துக்கு வெளியே அன்ரியின் தகப்பனாருக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது, அதிலிருந்த கொட்டிலில் ஒளித்து வைத்திருந்தார்கள். அன்ரி இரவல் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போவார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். யாரோ இல்லை, யார் என்று அன்ரிக்குத் தெரியும். அந்த ஆள் இன்னமும் ரொட்டிக் கடையில் காலை வணக்கம் சொல்கிறாராம். கணவரைப் பிடித்துக்கொண்டு போய், படையை விட்டு ஓடியவன் என்று தீர்ப்புச் சொல்லிச் சுட்டார்கள்.

போர் முடிந்த பிறகு அன்ரி விதவைகளுக்கான உதவிப்பணத்துக்குப் போனார். அலுவலகத்தில் இருந்தவர், சுடப்பட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, இது அதில் சேராது என்றார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். அந்தத் தெருவில் செத்த எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது, அவருடைய பெயர் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லுக்கு அரசாங்கம் மலர்வளையம் வைக்கும், வாத்தியம் வாசிப்பார்கள். அன்றைக்கு அன்ரி ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு வீட்டுக்குள் இருப்பார்.

"அவருடைய பெயரைக் கடைசியாகச் சத்தமாக வாசித்தது அவருக்குத் தண்டனை கொடுத்த நீதிமன்றம்தான்" என்றார். "உங்களுக்கு இப்போதும் நான் வேண்டுமென்றால் வருகிறேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள். எனக்குப் பழக்கம்தான்."

நான் சொல்லி முடித்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு மேசைக்கு மேலால் கையை நீட்டி அன்ரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வரச் சொல்லு. கட்டாயம் வரச் சொல்லு. பேரை நீதான் மைக்கிலை சொல்லுவாய் எண்டும் சொல்லு."

படி ஏறும்போது அம்மா என்னை நிறுத்தினார். "அப்பாவிட்டை இப்ப சொல்லாதை, பிள்ளை. எல்லாம் முடியட்டும். பிறகு நான் பக்குவமாச் சொல்லுறன்."

அம்மா செய்த பிழை அதுதான். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் வீட்டுக்குள் ஒரு சண்டையோடு போயிருக்கும். அவர் நல்லதை நினைத்துத்தான் மறைத்தார்.

அன்றிலிருந்து நான் அந்தப் பெயரைப் பாடமாக்கினேன். அன்ரி சரியான உச்சரிப்பைச் சொல்லித் தந்தார். இரண்டாவது பகுதியில் நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும், எனக்கு முதலில் வரவில்லை. கரி வாளியோடு படி ஏறும்போது சொன்னேன். பள்ளிக்குப் போகும் வழியில் சொன்னேன். அன்ரி தன் கறுப்புக் கோட்டை வெளுக்கக் கொடுத்து வாங்கிக் கதவில் தொங்கவிட்டிருந்தார். நான் கீழே போகும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொல்வார். நான் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

விளக்குக்கு என்ன பாடு பட்டார்கள் தெரியுமா? ஜெர்மனியில் அப்போது குத்துவிளக்குக்கு எங்கே போவது? நம் அப்பாமார் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பித்தளை மெழுகுதிரித் தண்டு இரண்டும் ஒரு சாம்பல் கிண்ணமும் வாங்கி, இரும்பு வேலை தெரிந்த ஒரு மாமாவைக் கொண்டு ஒட்ட வைத்தார்கள். ஐந்து முகத்துக்குப் பதிலாக நாலு முகம் வந்தது. சூரியகாந்தி எண்ணெய் விட்டுப் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி போட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் அது தங்கம். சங்கம் இரண்டாக உடைந்தபோது அந்த விளக்கு யாரிடம் போனதோ தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. மண்டபம் முழுக்க மழைக்கோட்டு மணமும் மல்லிகைச் சென்ற் மணமும் கட்லட் மணமும். மேடைக்கு முன்னால் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஊரில் செத்தவர்களின் படங்கள். தம்பிமார், மகன்மார், குண்டு விழுந்து செத்த ஒரு குடும்பம். அன்ரி கறுப்புக் கோட்டோடு வந்து முன் வரிசையில் இருந்தார். கைப்பைக்குள் அந்தப் படம் இருந்தது, சட்டத்தோடு. எனக்கு மட்டும் பையைத் திறந்து காட்டினார். அம்மா அவருக்குச் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தார். அன்ரி நெற்றியை நீட்டினார்.

நகரசபை அதிகாரி வருவதற்குச் சற்று முன்னால் மண்டபத்துக்குப் பொறுப்பான கிழவர் அப்பாவிடம் வந்தார். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா என்னைக் கூப்பிட்டார். கிழவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தபடியே சொன்னார்: முன் வரிசையில் இருக்கும் பெண் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? அவளுடைய கணவன் படையை விட்டு ஓடியவன். அவனுக்கு எந்த மரியாதையும் கிடையாது. நகரசபைக்காரர் வருகிறார், உங்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

நான் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்பாவின் முகம் மாறியதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கோபம் என்று அப்போது நினைத்தேன். "உனக்கு இது முதலே தெரியுமோ?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

அம்மா கிட்ட வந்தார். "எனக்குத் தெரியும். நான்தான் வரச் சொன்னனான். பேரை மட்டும் சொல்லி விளக்கேத்த விடுங்கோ. இங்கை ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஓடினவன்ரை பெண்சாதியைக் கொண்டோ விளக்கேத்துறது? அங்கை பார், பிள்ளையளைக் குடுத்த தாய்மார் இருக்கினம். நான் என்னெண்டு அவையின்ரை முகத்தைப் பாக்கிறது?"

"அந்த மனுசி எங்களை நம்பி வந்திருக்கிறா."

"கதையாதை."

விளக்கை நகரசபை அதிகாரி ஏற்றினார். பொன்னாடையும் அவருக்கே போனது, அவர் அதைக் கழுத்துக்குக் குளிருக்குச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டார். நிகழ்ச்சியில் சிறு மாற்றம் என்று அன்ரியிடம் சொல்லும்படி அப்பா சொன்னார், சொன்னேன். அன்ரி தலையாட்டினார். எழுந்து போகவில்லை.

பிறகு அஞ்சலி. செத்தவர்களின் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து பூ வைக்கலாம் என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார். கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்த ஒரு மாமா அதை ஜெர்மனிலும் சொன்னார். தாய்மார் எழுந்தார்கள். அழுகை தொடங்கியது. அன்ரியும் எழுந்தார். பையிலிருந்து படத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தத் தாய்மாரின் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவரைவிடக் கட்டையான மனுஷிகளுக்குப் பின்னால் அவருடைய நரைத்த தலை தனியாகத் தெரிந்தது. இரண்டு அடி நகர்ந்திருப்பார். அப்பா மேடைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தார். அன்ரிக்கு முன்னால் நின்று, கையை விரித்து உள்ளங்கை கீழே இருக்கும்படி பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினார். கதிரையில் போய் இருங்கள் என்று.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அன்ரி படத்தைப் பைக்குள் வைத்தார். திரும்பிப் போய் இருந்தார். முன் வரிசையில் இல்லை, சுவரோரமாகக் கிடந்த ஒரு கதிரையில். நிகழ்ச்சி முடியும்வரை இருந்தார். அம்மா கொண்டுபோய்க் கொடுத்த கட்லட்டைச் சாப்பிட்டார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, அழைத்ததற்கு நன்றி என்றார். நெற்றியில் இருந்த சந்தனத்தை அவர் அழித்திருக்கவில்லை.

எனக்கு இன்றும் அந்த நன்றியை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டிராம் தரிப்பில் மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா மிச்சப் பூக்கள் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நின்றார். அம்மா மறுபக்கம். நான் நடுவில், வழக்கம் போல. அம்மா தமிழில்தான் பேசினார், ஆனால் அன்றைக்கு அவர்கள் இருவருக்குமே மொழிபெயர்ப்பாளர் தேவை போல இருந்தது.

"உங்களை அவங்கள் பிடிச்சுச் சுட்டிருந்தா, நான் இண்டைக்கு எந்தக் கதிரையிலை இருந்திருப்பன்?"

அப்பா பூப்பையை மறு கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்கோ. முன்வரிசையோ, சுவர்க்கரையோ?"

"பிள்ளை நிக்குது" என்றார் அப்பா.

"பிள்ளையும் கேக்கட்டும்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. அப்பா ஓர் இயக்கத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் பயிற்சிக்குப் போனவர். அங்கே கண்டது பிடிக்காமல், பயந்தும் போய், இடையில் விட்டுவிட்டு ஓடியவர். விட்டு ஓடினவர்களை இயக்கம் என்ன செய்யும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரியும். ஒளித்து ஒளித்துக் கொழும்புக்கு வந்து, கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்குக்கு ரயில் ஏறியவர். அந்த மண்டபத்திலிருந்த ஆண்களில் எத்தனை பேரிடம் அப்படியொரு கதை இருந்திருக்கும்? எல்லாரும் ஓடி வந்தவர்கள்தானே. ஓடாதவர் எவரும் டோர்ட்மண்டுக்கு வந்து சேரவில்லை. அப்பாவின் முகத்தில் நான் கண்டது கோபம் இல்லை, பயம். தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது போன்ற பயம்.

அதற்குப் பிறகு அப்பா படியிறங்கும்போது அன்ரியின் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அம்மா வழக்கம் போல அன்ரி வீட்டுக்குப் போய் வந்தார். தட்டுகள் மேலும் கீழும் போயின. நாங்கள் வேறு இடத்துக்கு வீடு மாறிய பிறகும் அம்மா பேருந்து எடுத்துப் போய் வருவார். எனக்குப் படிப்பு, பிறகு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, பிறகு வேலை, கல்யாணம். நான் போகவில்லை. அன்ரியும் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்லி என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை.

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்சக் காலத்தில், ஒருநாள் மாலை, அப்பா தொலைபேசி எடுத்தார். குரலில் ஒரு பரபரப்பு. படையை விட்டு ஓடினவர்களுக்குப் போர்க்காலத்தில் கொடுத்த தண்டனைகளெல்லாம் செல்லாது என்று பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்துவிட்டதாம். தொலைக்காட்சியில் காட்டினார்களாம்.

"அரசாங்கமே பிழை இல்லை எண்டு சொல்லிட்டுது, பிள்ளை. இனி அந்த மனுசியை வீட்டை கூப்பிடலாம். ஒரு பொன்னாடையும் வாங்கிப் போடலாம். நீ வந்து கதைக்க வேணும்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அவ செத்து ரெண்டு வருசம். நான் போய் மண் போட்டிட்டு வந்தனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அரசாங்கத்தின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது யார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மனுஷி எங்களிடம் எந்த அரசாங்கத்தையும் கேட்கவில்லை. சூரியகாந்தி எண்ணெய் விளக்கு ஒன்றும் பத்து வயதுப் பிள்ளையின் குரலும்தான் கேட்டார். எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான், அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது இந்த வருடக் கதைக்கு வருகிறேன். என் மகன் ஜெர்மன் படையில் மருத்துவப் பிரிவில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். படையில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் நன்றி சொல்ல அரசு இப்போது ஜூன் மாதத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறது. நகரசபை முன்றலில் விழா, எங்களுக்கும் அழைப்பு வந்தது. அம்மா காலமாகி ஐந்து வருடமாகிறது. அப்பா மட்டும் என்னோடு வந்தார். எழுபது தாண்டினாலும் நேராக நடப்பார். அந்தப் பழைய மேல்சட்டையையும் போட்டுக்கொண்டார். வாத்தியம், வறுத்த சொசேச் மணம், வெயில். மகன் மற்றவர்களோடு சீருடையில் மேடைக்குப் பக்கத்தில் நின்றான்.

பேசிய அம்மையார், இவர்களைப் போலவே இவர்களின் வீட்டாரும் சுமக்கிறார்கள், குடும்பத்தார் எல்லாரும் எழுந்து நில்லுங்கள், உங்களுக்கு நாங்கள் கைதட்ட வேண்டும் என்றார். எழுந்தோம். நான் பார்க்கிறேன், அப்பா எழும்பாமல் கதிரையிலேயே இருக்கிறார்.

குனிந்து, "அப்பா, எழும்புங்கோ. உங்கடை பேரனுக்குத்தான்" என்றேன்.

"எனக்கு ஏலாது."

"முழங்காலோ?"

"முழங்கால் இல்லை. அண்டைக்கு அவ எழும்பேக்கை நான் இருத்தினனான். இப்ப என்னெண்டு நான் எழும்புறது?"

கைதட்டல் நடந்துகொண்டேயிருந்தது. எனக்கு நிற்க முடியவில்லை. நானும் கதிரையில் இருந்தேன். அத்தனை குடும்பத்துக்குள்ளும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்துகொண்டிருப்பதை மகன் அங்கிருந்தே பார்த்தான்.

வீட்டுக்கு வரும்போது அவன்தான் காரை ஓட்டினான். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்: "அம்மா, நான் ஆர்மியிலை இருக்கிறது உங்களுக்கு வெக்கமோ?"

"இல்லையடா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா பின்னால் இருக்கிறார்.

"உன்னை நினைச்சு இல்லை, ராசா" என்றார் அப்பா. "என்னை நினைச்சு. நானும் ஒரு படையிலை இருந்தனான். விட்டிட்டு ஓடி வந்தனான்."

மகன் காரை ஓரமாக நிறுத்தினான். அப்பா எல்லாம் சொன்னார். பயிற்சி முகாம், ஓடியது, மண்டபம், கறுப்புக் கோட்டு, தன் கை. என்னை ஒரு வார்த்தை சேர்க்க விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு நடுவில் நான் தேவைப்படவில்லை.

மகன் சீருடையோடு அப்படியே திரும்பி இருந்து கேட்டான். முடிந்த பிறகு அவன் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த அங்கிளின்ரை பேர் என்ன?" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். கரி வாளியோடு மூன்று மாடியும் ஏறி ஏறிப் பாடமாக்கினவள் நான். வாயைத் திறந்தேன். நாக்கு பின்னுக்கு இழுபட்டது, அந்த இரண்டாவது பகுதிக்குப் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகவே போனது. பெயர் வரவில்லை. அம்மாவைக் கேட்கலாம் என்றால் அம்மா இல்லை. மூன்று பேரும் காருக்குள் இருந்தோம், மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.